இரண்டாவது கண்

மூன்று சதவீதம். பச்சைக் கோடு ஒரு நகக்கண் அளவு நகர்ந்து அங்கேயே படுத்துவிட்டது. அதைப் பார்க்கப் பார்க்க உலகம்மைக்குத் தூக்கம் வருகிற மாதிரியும் இருந்தது, எழுந்து ஓடிவிடலாம் போலவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி என்று கேட்டால், வெள்ளிக்கிழமை மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்டு, பெரிய தப்பு ஒன்றையும் செய்துவிட்டு, பெருங்குடியில் ஐந்தாவது மாடியில் ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். மணி இரண்டு ஐம்பத்திரண்டு. கோடு முழுசும் பச்சையாக நாற்பது நிமிஷம் ஆகும். மூன்றரைக்குக் கண்ணாடி அறையில் மீட்டிங். அதுவரை அவள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வதுதான் இப்போதைக்கு அவள் பார்க்கிற வேலை, அதற்கே மூச்சு வாங்குகிறது. ஏசி இரைந்தது. கண்ணை லேசாக மூடினால் அது ஏசி இல்லை, ஐந்தருவி. கல்லூரி நாட்களில் தென்காசியிலிருந்து பஸ் பிடித்துப் போய் அருவிக்குக் கீழே தலையைக் கொடுத்து நின்றால் காது இப்படித்தான் அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் நிற்கிறவள் என்ன கத்தினாலும் வாய் மட்டும்தான் அசையும். உச்சந்தலையில் தண்ணீர் அடிக்க அடிக்க யோசனை எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும், பேர் கூட மறந்துவிடும், அப்படியே நின்றுவிடலாம் போலிருக்கும். யாரும் எதுவும் கேட்க முடியாது. கேட்டாலும் காதில் விழவில்லை என்று சொல்லிவிடலாம். நல்ல இடம் அது. ஜன்னலுக்கு வெளியே விளிம்பில் ஒரு புறா வந்து உட்கார்ந்து, இவளை ஒரு கண்ணால் பார்த்தது, பிறகு தலையைத் திருப்பி இன்னொரு கண்ணால் பார்த்தது. நீயுமா என்று இவளுக்கு எரிச்சலாக வந்தது. நான்கு சதவீதம்.

அந்தக் கோட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தவை எல்லாம் நல்ல கோப்புகள். ஆன்டிவைரஸ் செய்கிற கம்பெனி அது, சின்னக் கம்பெனிதான், ஆனாலும் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களில் வாசல் காக்கிறது. கெட்ட கோப்புகளைப் பிரித்துப் பார்த்து, இன்ன அங்க அடையாளம் உள்ளவன் வந்தால் பிடி என்று எழுதி அனுப்புவது உலகம்மையின் வேலை, பன்னிரண்டு வருஷமாக. எழுதியதை அனுப்புவதற்கு முன்னால் நல்ல கோப்புகள் மேல் ஓட்டிப் பார்க்க வேண்டும், அப்பாவி எவனாவது மாட்டுகிறானா என்று. எட்டு லட்சம் அப்பாவிகள் கொண்ட அந்தத் தொகுப்புக்கு ஆபீசில் நல்லவர் பட்டியல் என்று பேர். முழுசையும் ஓட்ட நாற்பது நிமிஷம். அவசரத்துக்கு ஒரு குட்டிப் பட்டியல் உண்டு, போன வாரத்தது, நாலு நிமிஷத்தில் முடியும். இன்று காலையிலிருந்து நிஜமான கெட்டவன் ஒருவன் ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்தான். அவன் போட்டிருந்த சட்டையை, அதாவது கோப்பைச் சுற்றியிருந்த உறையை, அவள் அடையாளமாக எழுதினாள். குட்டிப் பட்டியலில் மட்டும் ஓட்டிப் பார்த்தாள். நேற்று வியாழக்கிழமை புதுப் பதிப்பு வெளியிட்ட ஒரு பிரவுசரின் அப்டேட் கோப்பும் அதே சட்டையைத்தான் போட்டிருந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும். தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ளத்தானே முழுப் பட்டியல். ஒன்று இருபதுக்கு அனுப்பினாள். ஒன்று நாற்பதுக்கெல்லாம் போன் அலற ஆரம்பித்துவிட்டது. பழைய பிரவுசரைக் கழற்றியாயிற்று, புதுசை மாட்ட வந்தவனைக் கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளியாயிற்று, ஆகையால் பழசும் இல்லை புதுசும் இல்லை, தட்டினால் திறக்கவில்லை. மணப்பாறையில் ஒரு டீச்சர் பள்ளிக்கூடத்தில் முப்பது மெஷினும் செத்துப்போச்சு என்று அழாத குறையாகச் சொன்னாராம். ஈரோட்டில் ஒருவர் இன்டர்நெட்டையே யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டதாகப் புகார் கொடுத்தார். அவருக்குப் பிரவுசர்தான் இன்டர்நெட். அடையாளத்தைத் திருத்தி எழுதி, இந்த முறை முழுப் பட்டியலிலும் ஓட விட்டிருந்தாள், அந்தப் பச்சைக் கோடு அதுதான். பிடிபட்ட கோப்புகளைப் பூட்டி வைக்கிற குவாரன்டைன் அறையை உலகம்மையால் இப்போது கண்ணை மூடாமலே பார்க்க முடிந்தது. அங்கே அந்த அப்டேட்காரன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் கொண்டுவந்த புதுத்துணிப் பொட்டலம், கட்டுக்கூடப் பிரிக்காமல். அவனுக்குத் தஸ்தகீரின் முகம் இருந்தது. அவள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். பத்தொன்பது சதவீதம்.

தஸ்தகீர் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்திருந்தான், முன்னால் இருந்த திரையில் அவன் பேர் சாம்பல் நிறத்தில் இருந்தது. விசாரணை முடியும்வரை அவன் எதையும் தொடக் கூடாது என்று ரெண்டே காலுக்கே மேனேஜர் கிருபாகரன் பூட்டிவிட்டார். ஆகவே அவன் கையைக் கட்டிக்கொண்டு தன் பேரையே பார்த்துக்கொண்டிருந்தான். கடையநல்லூர்க்காரன். ஆபீசில் ஊர் பக்கம் என்று அவளுக்கு இருக்கிற ஒரே ஆள், வந்த அன்றைக்கே அக்கா என்று கூப்பிட்டவன். சேர்ந்து ஐந்தரை மாதம் ஆகிறது, ஆறு முடிந்தால் நிரந்தரக் கடிதம் கையில் வரும், இன்னும் பதினைந்தே நாள். அந்த ஆபீசில் எழுதுகிறவர் ஒருவர் என்றால் சரிபார்க்கிறவர் இன்னொருவர், அவருக்கு ரெண்டாவது கண் என்று பேர். கை அவசரத்தில் தவறலாம், கண் தவறக் கூடாது என்பது கிருபாகரனின் சட்டம். அதனால் ஏதாவது கெட்டுப்போனால் அவர் எழுதியவரை விட்டுவிட்டுச் சரிபார்த்தவரைத்தான் பிடிப்பார். இன்றைய பதிவில் எழுதியவர் உலகம்மை, சரிபார்த்தவர் தஸ்தகீர், நேரம் ஒன்று இருபது. ஒன்று இருபதுக்குத் தஸ்தகீர் ஆபீசிலேயே இல்லை. பள்ளிவாசலில் இருந்தான். வெள்ளிக்கிழமைகளில் பன்னிரண்டு ஐம்பதுக்குக் கிளம்பும்போது அவன் கம்ப்யூட்டரைப் பூட்டாமல் போவது வழக்கம், "ஏதும் அவசரமா வந்துதுன்னா நீங்களே அமுக்கிருங்கக்கா" என்பது அதனோடு சேர்ந்த வழக்கம். அவள் கழுத்து வலிக்கு வைத்தியம் பார்க்கப் போகிற செவ்வாய்க்கிழமைகளில் அவள் சீட்டில் அவன் அமுக்குவான். ஒரே வித்தியாசம், அவன் ஒவ்வொன்றையும் திறந்து, முழுப் பட்டியலையும் ஓட்டி, பார்த்துவிட்டு அமுக்குவான். அவள் அமுக்குவதோடு சரி. தான் எழுதியதில் தானே பார்க்க என்ன இருக்கிறது. உலகா போட்டால் ரெண்டாவது கண்ணே தேவையில்லை என்று கிருபாகரன் நாலு பேர் முன்னால் சொன்னதை அவள் இவ்வளவு வருஷம் நெஞ்சுக்குள் பத்திரமாக வைத்திருந்தாள், சனியன் பிடித்த பாராட்டு. இன்று நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, நின்றபடி குனிந்து, 'சரிபார்த்தேன்' என்ற பட்டனைத் தட்டிவிட்டு, கையோடு அவனுக்கு ஒரு மெசேஜும் அனுப்பினாள்: 'தம்பி, உன் சீட்ல அமுக்கிட்டேன்.' ஒன்று இருபத்தொன்று. ஒன்று ஐம்பத்திரண்டுக்குப் பதில் வந்தது: 'சரிக்கா.' ஒரு கட்டைவிரலும் போட்டிருந்தான்.

கிருபாகரன் கோபப்படவே இல்லை, அதுதான் கொடுமை. தொழுகைக்குப் போகிற அவசரத்தில் பார்க்காமல் அழுத்திவிட்டுப் போயிருக்கிறார் என்று ரொம்பப் புரிந்துகொண்ட குரலில், யாரையும் குறை சொல்லாத மாதிரி, எல்லோர் முன்னாலும் சொன்னார். அவன் எத்தனை மணிக்குப் போனான் என்று அவருக்குத் தெரியாது, எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம், வாசலில் ரேகை வைப்பதும் காலையில் வரும்போது மட்டும்தான். தஸ்தகீர் உலகம்மையைப் பார்ப்பான் என்று அவள் பயந்தாள். அவன் தரையைப் பார்த்தான். பதிவுல அப்படித்தான் இருக்கு சார் என்றான், அவ்வளவுதான். பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை. அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். ஒரு நிமிஷம் போனது, இரண்டு நிமிஷம் போனது, பிறகு எல்லோரும் கலைந்துவிட்டார்கள். உண்மையைச் சொல்வதற்கு ஒரு நேரம் உண்டு போலிருக்கிறது, அது தாண்டிவிட்டால் உண்மையோடு இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலாவது சுலபம். இரண்டாவதை எப்படிச் சொல்வது. நாற்பத்துநான்கு சதவீதம். சுவரில் ஒட்டியிருக்கும் விதித்தாள் இங்கிருந்தே தெரிகிறது, பிறர் பேரில் எதையும் செய்கிறவரும் செய்ய விடுகிறவரும் பணியிலிருந்து நீக்கப்படுவர். செய்ய விடுகிறவரும். அப்படியானால் நான் உண்மையைச் சொன்னால் அவனும்தானே மாட்டுவான், சொல்லாமல் இருந்தால் கவனக்குறைவு என்று கடிதத்தைத் தள்ளிப்போடுவதோடு விட்டாலும் விடுவார்கள், ஆகவே நான் பேசாமல் இருப்பது அவன் நல்லதுக்குத்தான். இந்த வாதம் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மூன்று தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். மூன்று தடவையும் ஒரே இடத்தில் சிக்கியது, கிருபாகரன் கடிதத்தைத் தள்ளிப்போடுகிற ஆள் இல்லை, போன வருஷம் ரெண்டாவது கண்ணாக இருந்த பெண்ணை அன்றைக்கே அனுப்பிவிட்டவர். குட்டிப் பட்டியலில் ஓட்டிப் பார்த்த வாதம் இது. பயம் என்று சொல்லிவிட்டுப் போயேன். ஆமாம், பயம். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நல்லவனைக்கூடப் பிடிக்காதவள் என்ற பேர், அந்தப் பேர் போய்விடும் என்ற பயம், லிப்டில் ஏறும்போது பேச்சு நின்றுபோகும் என்ற பயம். அவள் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அந்த மெசேஜைப் பார்த்தாள். ஐந்து சொல்கூட இல்லை. அதன் மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள், அது நிறம் மாறியது, மேலே ஒரு குப்பைக்கூடை முளைத்தது. எனக்கு மட்டும் நீக்கு. அனைவருக்கும் நீக்கு. இரண்டாவதைத் தட்டினால் அவன் போனிலிருந்தும் போய்விடும். அப்புறம் உலகத்தில் எங்கேயும் இருக்காது, பதிவு மட்டும்தான் இருக்கும், பதிவில் அவன் பேர்தான் இருக்கும். ஆனால் இந்த மெசேஜ் நீக்கப்பட்டது என்று அவன் போனில் ஒரு வரி நிற்குமே. அவன் அதைப் பார்ப்பானே. பார்த்தால் என்ன, அவன் ஒன்றும் சொல்ல மாட்டான். சொல்ல மாட்டான் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது, அது தெரிந்ததில் ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதியை நினைத்து அருவருப்பாக இருந்தது, அருவருப்பாக இருந்தும் கட்டைவிரல் அங்கேயேதான் இருந்தது. எழுபத்தொன்று.

"அக்கா, டீ."

தஸ்தகீர் மெஷினில் பிடித்த டீயைச் சர்க்கரை இல்லாமல் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தான். அவள் போனைக் கவிழ்த்தாள். அவன் எதைப் பார்த்தான், பார்த்தானா என்று தெரியவில்லை. அவன் முகம் எப்போதும்போல இருந்தது. திரும்பிப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். டீயின் ஆவி அவள் மூக்குக்கண்ணாடியில் ஏறிப் பச்சைக் கோட்டை மறைத்தது, எல்லாம் பனிமூட்டமாகிவிட்டது, அந்த மூட்டத்துக்குள் ஒரு மாடிப்படி தெரிந்தது. மேடவாக்கத்தில் ஒரு வீட்டின் மாடிப்படி, மொசைக் போட்டது, மூன்றாவது படியில் விரிசல். ஜூன் மாதம். அவனுக்கும் அவன் மனைவி ரஹ்மத்துக்கும் வீடு தேடி அலைந்த சமயம். நான் பேசுகிறேன் தம்பி என்று உலகம்மைதான் போனில் பேசினாள். உலகம்மை என்ற பேரைக் கேட்டதும் வீட்டுக்காரம்மாளுக்கு ஒரே சந்தோஷம், தென்காசியா, அம்மன் பேராச்சே, வாங்கம்மா வாங்க. போனார்கள். அந்த அம்மாள் வாசலில் நின்று உலகம்மையைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு ரஹ்மத்தின் தலையில் போட்டிருந்த முக்காட்டைப் பார்த்தாள், வீடு உங்களுக்கா இவங்களுக்கா என்று கேட்டாள். பேர் என்ன என்றாள். பேரைச் சொன்னான். அந்த முகத்தில் ஒரு கதவு மூடுவதை உலகம்மை பார்த்தாள், சத்தமே இல்லாமல் மூடியது. தண்ணிக் கஷ்டம்பா இங்கே, என் மச்சினர் வேற கேட்டிருக்கார், சொல்லியனுப்பறேனே. ஒரே ஒரு சொல்லைப் பார்த்து ஆளையே பிடித்துத் தள்ளிவிடுகிற அடையாளத்தை யாரோ எப்போதோ எழுதி எல்லா வீட்டுக்கும் அனுப்பிவைத்திருக்கிறார்கள், எந்த நல்லவர் பட்டியலிலும் ஓட்டிப் பார்க்காமல். இப்போது இப்படித் தோன்றுகிறது, அப்போது ஒன்றும் தோன்றவில்லை. அப்போது உலகம்மை படியில் நின்றுகொண்டிருந்தாள், வாயில் நாலைந்து வாக்கியம் இருந்தது, இவரை எனக்குத் தெரியும்மா, என் தம்பி மாதிரி. விரிசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அருவிக்குக் கீழே நிற்கிற மாதிரி காது அடைத்துப்போய் நின்றாள். தெருவுக்கு வந்ததும் ரஹ்மத் மூக்கை உறிஞ்சினாள். தஸ்தகீர் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "அக்கா, டீ குடிப்பமா?" என்றான். குடித்தார்கள். நல்ல டீ என்று உலகம்மை சொன்னாள், நாற்பது தடவை சொல்லியிருப்பாள். அன்றைக்கு அவன் டீ கேட்டது ஏன் என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவனுக்காக இல்லை. பேசாமல் நின்றவளை அந்தப் படியிலிருந்து இறக்கிவிடத்தான். டீ ஆறிக்கொண்டிருந்தது. ஆடை கட்டிவிட்டது. எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது, இந்த இடத்துக்கு வந்ததும் கோட்டுக்கு எங்கிருந்தோ வேகம் வந்துவிட்டது, நில்லேன் கொஞ்சம் என்று சொல்லலாம் போலிருந்தது. புறா எப்போது போனதென்று தெரியவில்லை. கண்ணாடி அறையில் விளக்கு எரிந்தது, தஸ்தகீர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனான். தொண்ணூற்றேழு. நூறு. மாட்டிய நல்லவர்கள்: பூஜ்யம்.

ரிசல்ட்டை மட்டும் சொல்லிவிட்டு அவள் போகலாம் என்று கிருபாகரன் முன்பே சொல்லியிருந்தார். பூஜ்யம் என்று அவள் சொன்னதும் அவர் திறந்து பார்த்து, இந்த முறை தானே ரெண்டாவது கண்ணாக இருந்து, அமுக்கினார். அந்த விநாடியே எங்கெங்கோ பூட்டியிருந்த அறைகள் திறந்திருக்கும், பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேரும் அவரவர் வீட்டுக்குப் போயிருப்பார்கள், மணப்பாறையில் முப்பது மெஷினும் கண் விழித்திருக்கும். நல்லது உலகா, நீங்க கிளம்புங்க, இது அஞ்சு நிமிஷ வேலை என்றார். சுவரில் இருந்த திரையில் தலைமை ஆபீஸ்காரர் ஒருவர் எதையோ படித்துக்கொண்டிருந்தார். தஸ்தகீர் மேசையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். உலகம்மையின் கால் வாசலுக்குத் திரும்பியது, பாதி திரும்பி நின்றது.

"சார், ஒன்னு இருவதுக்கு அவர் சீட்ல அமுக்கினது நான். அவர் அப்ப இங்க இல்ல."

கிருபாகரன் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார், ரொம்பக் கனிவாக. "நீங்க நல்ல மனசுல சொல்றீங்க, எனக்குப் புரியுது. ஒரே ஊர்க்காரங்க. ஆனா பதிவுல அவர் பேர்தானே இருக்கு?"

உண்மையைச் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்றுதான் இவ்வளவு நேரம் பயந்தாள். சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று ஒரு விநாடிகூட நினைக்கவில்லை. அவன் பேரைப் பார்த்தாயிற்று, முடிந்தது, அதற்கு மேல் யார் வந்து என்ன சொன்னாலும் அது நல்ல மனசு. உலகம்மை போனைத் திறந்தாள், இரண்டு தடவை தப்பான எண் அமுக்கித் திறந்தாள், அந்த மெசேஜை எடுத்து மேசையில் அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். அவர் படித்தார். மணியைப் பார்த்தார். பதிலையும் கட்டைவிரலையும் பார்த்தார். திரையில் இருந்தவர் என்ன என்ன என்று கேட்டார். கிருபாகரனின் காது மடல் சிவந்துகொண்டே வந்தது. அவர் தஸ்தகீர் பக்கம் திரும்பினார்.

"இது உங்க போன்லயும் இருக்குமே. ரெண்டே கால்லேர்ந்து கேட்டுட்டிருக்கேன். ஏன் காட்டல?"

"அக்கா காட்டுவாங்கன்னு இருந்தேன் சார்," என்றான் தஸ்தகீர்.

இனி என்ன கேட்டாலும் பதில் சொல்லிவிடலாம் என்று உலகம்மைக்குத் தோன்றியது. எல்லாவற்றையும் சொன்னாள், செவ்வாய்க்கிழமைகள், வெள்ளிக்கிழமைகள், குட்டிப் பட்டியல், வேலையை விட்டு அனுப்புவதென்றால் தன்னை முதலில் அனுப்ப வேண்டும் என்பது வரை. எழுபத்தொரு சதவீதத்தில் தன் கட்டைவிரல் எங்கே இருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.